வெள்ளைக்காரன் விளையாட்டு: அயர்லாந்தும் நம் தோட்டத்துத் திடலும்

முன்னுரை

2011ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி காலை. எனக்கு அப்போது ஏழு வயது. முதல் நாள் நள்ளிரவு வரை சுங்கை சிப்புட் உணவகம் ஒன்றில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துவிட்டு வந்திருந்த அப்பா, மோட்டார் சைக்கிளில் என்னைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

"இங்கிலாந்துக்காரன் 327 ரன் எடுத்துட்டான்டா. அயர்லாந்து 111லயே அஞ்சு விக்கெட்டு போச்சு. எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க. தலைமுடிக்கு ரோஸ் சாயம் பூசின ஒருத்தன் நின்னு அடிச்சான் பாரு, அம்பது பந்துல நூறு!"

"அயர்லாந்து எங்கப்பா இருக்கு?"

"இங்கிலாந்துக்குப் பக்கத்துல. நம்மள ஆண்ட மாதிரி அவங்களையும் வெள்ளைக்காரன்தான் ஆண்டான்."

"அவங்களும் வெள்ளையாத்தானே இருக்காங்க?"

அப்பா சிரித்தார்; பதில் சொல்லவில்லை. பெங்களூரில் நடந்த அந்த ஆட்டத்தில் சதம் அடித்தவர் கெவின் ஓ'பிரையன் என்பதையெல்லாம் பின்னால்தான் அறிந்துகொண்டேன். ஆனால் அன்று கேட்ட கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றபோது இந்தத் தலைப்பைச் சொன்னேன். "தமிழ் மலரில் கிரிக்கெட்டா? சிலம்பம், கபடி பற்றி எழுதலாமே" என்றார் கழக நண்பர் ஒருவர். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அதே கேள்வியை அயர்லாந்துக்காரர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே தமக்குள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கண்ட விடையையும் நம் பேராக் மாநிலத் தோட்டங்களில் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈப்போ திடலில்

ஈப்போ பழைய நகரில் நீதிமன்றத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் பெரிய பச்சைத் திடல் ஒன்று வரும். ஈப்போ பாடாங் என்பார்கள். அதன் ஓரத்தில் 1895இல் தோன்றிய ஈப்போ கிளப் இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் லசால் சகோதரர்கள் 1912இல் தொடங்கிய செயின்ட் மைக்கல்ஸ் பள்ளி. அப்பள்ளியில் பணியாற்றிய சகோதரர்களுள் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் பலர். ஆகவே அயர்லாந்துக்காரர்கள் ஈப்போவுக்குப் புதியவர்கள் அல்லர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

மலாயாவில் கிரிக்கெட் கழகங்களின் விளையாட்டாகவே வளர்ந்தது. சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப் 1852இலும், கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் 1884இலும் தோன்றின. அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் அங்கே கூடினர். அக்காலக் கழகங்கள் பெரும்பாலும் இனவாரியாகவே இருந்தன. இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்கள் தங்களுக்கெனச் சங்கங்கள் அமைத்துக்கொண்டார்கள். கோலாலம்பூரில் 1914இல் தோன்றிய தமிழர் உடற்பயிற்சிக் கழகம், அதாவது டி.பி.சி.ஏ., அவற்றுள் பெயர்பெற்றது.

யாழ்ப்பாணத்தாருக்குக் கிரிக்கெட் ஏன் அவ்வளவு நெருக்கம்? ஊரிலேயே அவர்கள் அதைப் பள்ளியில் கற்றுக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் புனித யோவான் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் போர்' என்னும் கிரிக்கெட் போட்டி 1904ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. ஆங்கிலக் கல்வி, அரசாங்க வேலை, மாலையில் திடல் என்று மூன்றும் ஒன்றாகவே அவர்களோடு கப்பலேறின.

மலாயாக் கிரிக்கெட் எளிதில் தள்ளிவிடக்கூடியதாக இருக்கவில்லை. 1927இல் இங்கு வந்த ஆஸ்திரேலிய அணி கோலாலம்பூரில் அகில மலாயா அணியிடம் தோற்றது. கோலாலம்பூரில் பிறந்த லால் சிங், 1932இல் லார்ட்ஸ் திடலில் இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இடம்பெற்றார். 1948இல் மலாயாக் கிரிக்கெட் சங்கம் அமைந்தது. ஆனால் இந்த வரலாறு முழுவதும் பட்டணத்தில் நடந்தது. தோட்டத்துச் சாலையில் திரும்பியதும் கதை மாறிவிடுகிறது.

தோட்டத்தில்

என் தாத்தா சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர், பால்மரம் வெட்டியவர். கட்டுரைக்காக அவரிடம் கேட்டபோது, தோட்டத்தில் விளையாட்டு என்றால் காற்பந்துதான் என்றார். பெரிய துரையின் பங்களா மேட்டில் இருந்தது. அதற்குக் கீழே கோயில், ஆயக்கொட்டகை, பள்ளிக்கூடம், அவற்றுக்கு நடுவே திடல். ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். காலணி வேண்டாம். தீபாவளிக்கும் தொழிலாளர் தினத்துக்கும் பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி நடக்கும்.

கிரிக்கெட் மட்டை அந்தத் தோட்டத்திலேயே ஒன்றுதான் இருந்ததாம். அது கிராணியின் வீட்டில் இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடை உடுத்தி ஈப்போவுக்குப் போவார். ஒருமுறை தீபாவளிக்குத் துணி வாங்க லோரியில் போன தாத்தா, ஈப்போ திடல் ஓரம் நின்று அந்த ஆட்டத்தை அரை மணி நேரம் பார்த்திருக்கிறார். "ஓடுற நேரத்தவிட நிக்கிற நேரந்தான் ஜாஸ்தி. யார் ஜெயிச்சான்னே தெரியல. ஆனா அந்தச் சத்தம் நல்லா இருந்துச்சு" என்றார். மட்டையில் பந்து படும் சத்தத்தைத்தான் சொன்னார்.

அந்தச் சத்தம் பிள்ளைகளை விடவில்லை. தென்னை மட்டையின் அடிப்பகுதியைப் பாராங்கத்தியால் செதுக்கினால் ஆட்டத்துக்கு மட்டை கிடைத்துவிடும். பந்துக்குப் பால்மரமே போதும். வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடா போல உரித்து உருட்டிச் சுற்றினால் கனமான பந்து ஒன்று கிடைக்கும். அது எந்தப் பக்கம் எகிறும் என்று போட்டவனுக்கே தெரியாது. உலகத்துக்கெல்லாம் ரப்பர் கொடுத்த தோட்டத்தில் பிள்ளைகள் தங்கள் பந்தைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

என் காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிளாஸ்டிக் மட்டையும் டென்னிஸ் பந்தும் சந்தையில் கிடைத்தன. சட்டங்கள் மட்டும் மாறவில்லை. கொய்யா மரத்தில் பட்டால் நான்கு ஓட்டம், லயத்துக் கூரையில் பட்டால் ஆட்டமிழப்பு, கோயில் சுவரில் பட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடிவிட வேண்டும். 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபின் சென்னை அணியின் மஞ்சள் சட்டை எங்கள் வரிசை வீடுகளின் கொடிகளிலும் காய்ந்தது.

இடைநிலைப்பள்ளிக்கு ஈப்போ வந்தபோதுதான் தோல் பந்தை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பஞ்சாபி நண்பர்கள். காலுறைக் கவசம் எப்படிக் கட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் பந்துவீசச் சொன்னார். டென்னிஸ் பந்தைத் திருப்பிப் பழகிய விரல்கள் என்னைக் காப்பாற்றின. மூன்றாம் பந்திலேயே அணித்தலைவரின் ஸ்டம்ப் சாய்ந்தது. எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். தோட்டத்தில் என்றேன். தோட்டத்தில் கிரிக்கெட் ஆடுவார்களா என்று ஒருவர் வியந்தார்.

அந்த வியப்பு எனக்குக் கோபத்தைத் தரவில்லை. ஒரு கேள்வியைத் தந்தது. தோட்டத்தில் ஏன் கிரிக்கெட் வேரூன்றவில்லை? வெள்ளைக்காரன் விளையாட்டு என்பதாலா? அப்படியானால் காற்பந்தும் வெள்ளைக்காரன் விளையாட்டுத்தானே?

அயர்லாந்தில் நடந்தது

இந்தக் கேள்விக்கு அயர்லாந்து ஒரு நல்ல பாடம். அங்கே பதிவான முதல் கிரிக்கெட் ஆட்டம் 1792இல் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் நடந்தது. படைவீரர்களும் பிரபுக்களும் தொடங்கிய விளையாட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமங்களுக்கும் இறங்கியது. நிலக்கிழார்கள் தங்கள் மாளிகைத் தோட்டங்களில் திடல் அமைத்தார்கள். ஆள் போதாதபோது குத்தகை விவசாயிகளையும் வேலைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பின்பு அந்த விவசாயிகள் தாமே அணி கட்டினார்கள். கில்கென்னி மாவட்டத்தில் மட்டும் 1890களில் ஏறத்தாழ ஐம்பது அணிகள் இருந்தன. இன்று கில்கென்னி என்றால் ஹர்லிங் என்னும் அவர்களது மரபு விளையாட்டுத்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். அன்று இரண்டையும் ஒரே ஆட்களே ஆடினார்கள்.

அயர்லாந்தின் உரிமைக்காகப் போராடிய சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் தம் விக்லோ மாவட்டத்தில் கிரிக்கெட் அணித்தலைவராக இருந்தவர். 1879இல் தொடங்கிய நிலச் சங்கத்தின் தலைவரும் அவரே. வெள்ளைக்காரன் விளையாட்டை ஆடிக்கொண்டே வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்க்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

பிறகு என்ன ஆயிற்று? இரண்டு காரணங்கள் சேர்ந்து வந்தன. முதலாவது, தடை. 1884இல் தர்ல்ஸ் நகரில் மைக்கல் கூசாக் முதலானோர் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினர். தம் மரபு விளையாட்டுகள் அழிந்துவிடும் என்ற நியாயமான அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சங்கம், கிரிக்கெட், காற்பந்து, ரக்பி, ஹாக்கி ஆகிய 'அந்நிய' விளையாட்டுகளை ஆடுவோருக்கு இடமில்லை என்று விதி செய்தது. போய்ப் பார்ப்பதே குற்றம். இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு டக்ளஸ் ஹைட் எடுத்துக்காட்டு. ஐரிஷ் மொழியைக் காக்க 1893இல் கேலிக் சங்கம் கண்டவர் அவர். நம்மைப் போன்ற மொழிக் கழகத்தாருக்கு முன்னோடி. அயர்லாந்தின் முதல் அதிபரும் அவரே. அதிபர் என்ற முறையில் 1938இல் ஒரு காற்பந்து ஆட்டத்துக்குச் சென்றதற்காக விளையாட்டுச் சங்கத்தின் காப்பாளர் பொறுப்பிலிருந்து அவரை நீக்கினார்கள். மொழிக்காக அவர் செய்த தொண்டு அவரைக் காப்பாற்றவில்லை. அத்தடை 1971இல்தான் நீங்கியது.

இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. 1879 முதல் மூண்ட நிலப் போராட்டத்தில் நிலக்கிழார்களுக்கும் விவசாயிகளுக்கும் உறவு முறிந்தது. பின் வந்த சட்டங்களால் விவசாயிகள் நிலத்தை வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பெரிய நன்மைதான். ஆனால் மாளிகைத் திடல் யாருடைய திடல்? நிலக்கிழார் போனதும் திடலும் போனது. கிராம அணிகளுக்கு ஆட இடமில்லை.

திடல் எஞ்சிய இடங்களில் விளையாட்டும் எஞ்சியது. டப்ளினுக்கு வடக்கே உள்ள சில விவசாயக் கிராமங்கள் இதற்குச் சான்று. வடக்கே சியோன் மில்ஸ் என்னும் ஊர் இன்னொரு சான்று. அது நூல் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பாக எழுந்த ஊர். நம் தோட்டம் போல. 1969 ஜூலை 2ஆம் தேதி அங்கே வந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி 25 ஓட்டங்களில் சுருண்டது. அயர்லாந்து ஒன்பது விக்கெட்டில் வென்றது.

நம் மண்ணிலும் அவர்கள் வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. 1997 ஏப்ரலில் கோலாலம்பூரில் ஐ.சி.சி. கோப்பைப் போட்டி நடந்தது. அரையிறுதியில் அயர்லாந்து கென்யாவிடம் ஏழே ஓட்டங்களில் தோற்று, அடுத்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஸ்காட்லாந்திடமும் தோற்று, 1999 உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தது. பத்தாண்டு கழித்து, 2007 மார்ச் 17இல், தங்கள் தேசியப் பெருநாளாகிய புனித பேட்ரிக் நாளன்று, உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தானை வென்றார்கள். 2017இல் டெஸ்ட் தகுதி கிடைத்தது. 2018இல் முதல் டெஸ்ட் ஆட்டம் மாலஹைட் ஊரில் நடந்தது. 2024இல் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட் வெற்றியும் வந்தது. 'அந்நிய விளையாட்டு' என்று துரத்தப்பட்டது, இன்று அவர்கள் கொடியேந்தும் விளையாட்டுகளில் ஒன்று.

அதே கப்பல், வேறு துறைமுகம்

நம்மவர் மலாயாவுக்கு மட்டுமா கப்பலேறினார்கள்? இலங்கைக்கும், கடல் கடந்து கயானாவுக்கும் போனார்கள். அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் நம் கேள்விக்கு விடை தெளிவாகிறது.

கயானாவில் போர்ட் மொராண்ட் என்பது ஒரு கரும்புத் தோட்டம். அந்த ஒரு தோட்டத்திலிருந்து ரோகன் கன்ஹாய், ஜோ சாலமன், பேசில் புட்சர், ஆல்வின் காளிச்சரண் என நான்கு பேர் மேற்கிந்தியத் தீவுகளுக்காக டெஸ்ட் ஆடினார்கள். சியோன் மில்ஸில் 25 ஓட்டங்களில் சுருண்ட அணிக்குத் தலைமை தாங்கியவர் இதே புட்சர்தான் என்பது சுவையான செய்தி. பிற்காலத்தில் மகேந்திர நாகமுத்து, வீராசாமி பெருமாள் ஆகியோரும் கயானாவிலிருந்து வந்து அந்த அணிக்கு ஆடினார்கள். பெயர்களைப் பாருங்கள், நம் தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை போல இல்லையா? அங்கே தோட்டத்திலேயே கிரிக்கெட் திடல் இருந்தது.

இலங்கையில் முத்தையா முரளிதரன். 1920ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். பள்ளிக்குத் திடலும் பயிற்சியும் இருந்தன. 2010இல் காலி திடலில் அவர் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். இன்றுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது.

ஆகவே தோட்டத்து இரத்தத்தில் கிரிக்கெட் இல்லை என்பது பொய். மலாயாவில் கிரிக்கெட் இருந்த இடம் பட்டணத்துக் கழகமும் ஆங்கிலப் பள்ளியும். தோட்டத்துப் பிள்ளை படித்தது ஆறாம் வகுப்போடு முடிந்த தமிழ்ப்பள்ளி. இரண்டுக்கும் இடையே பத்துக் கல் தூரமும் ஒரு சமுதாய ஏணியும் இருந்தன. நமக்கு யாரும் தடை விதிக்கவில்லை. தடை தேவைப்படவில்லை.

சொல்லும் விளையாட்டும்

மொழிக் கழக மலர் என்பதால் ஒரு சொல்லாய்வு. இலங்கைத் தமிழர் கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்பர். பேட் அவர்களுக்குத் துடுப்பு, விக்கெட் இலக்கு, டாஸ் நாணயச் சுழற்சி. படகோட்டும் துடுப்பின் வடிவத்தைக் கண்டவர்கள் வைத்த பெயர். தமிழ்நாட்டில் அது மட்டைப்பந்து. தென்னை, பனை ஓலையின் காம்புக்கு மட்டை என்று பெயர். அதே சொல் பேட்டுக்கும் வந்தது. எங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் கையில் இருந்தது உவமை அன்று, உண்மையான மட்டையே. சொல் நம்மிடம் இருக்கிறது, பொருளும் கையில் இருந்தது. ஒரு விளையாட்டுக்கு நம் மொழியில் பெயரிட்டு, நம் மரத்தில் பந்து செய்து, நம் கோயில் சுவரை எல்லையாக வைத்து ஆடிய பிறகு, அதை இன்னும் வெள்ளைக்காரன் விளையாட்டு என்று சொல்வது சரியா?

முடிவுரை

நான் ஐந்தாம் ஆண்டில் படித்தபோது எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருந்த திடலைச் சுற்றி வேலி போட்டார்கள். பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளி. கட்டடம் நின்ற நிலமே தோட்டத்துக்குச் சொந்தம். திடலைப் பற்றிக் கேட்பானேன்? அடுத்த ஆண்டு அங்கே செம்பனைக் கன்று நின்றது. தாத்தா காற்பந்து ஆடிய திடலும் அதுதான். அவர் ஒருநாள் வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டு, "துரை இருந்தப்போ விளையாட விட்டான், அவ்வளவுதான். நமக்குன்னு எழுதியா குடுத்தான்?" என்றார்.

அயர்லாந்தின் வரலாற்றைப் படித்தபோது இந்த வார்த்தைதான் எனக்கு விளங்கியது. அவர்களுக்கு நிலம் கிடைத்தது, திடல் போனது. நமக்கு இரண்டுமே நழுவின. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். நிலம் கையில் இல்லாவிட்டால் கோயிலும் பள்ளியும் திடலும் இரவல்தான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

என் நண்பர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். சிலம்பமும் வேண்டும், கபடியும் வேண்டும். ஆனால் கிரிக்கெட்டைத் தள்ளிவைப்பதால் சிலம்பம் வளராது. அயர்லாந்துக்காரர்கள் அதைச் செய்து பார்த்துவிட்டு, எழுபது ஆண்டு கழித்து விதியை மாற்றிக்கொண்டார்கள். எந்த விளையாட்டும் அதைக் கண்டுபிடித்தவனுக்குச் சொந்தமில்லை. ஆட இடம் வைத்திருப்பவனுக்கே சொந்தம்.

பேராக் மாநிலத்தில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டத்திலிருந்து தாமானுக்கு இடம் மாறும் பள்ளிகளுக்குப் புதிய கட்டடம் கிடைக்கும்போது நாம் மகிழ்கிறோம். வகுப்பறை எத்தனை, கணினி எத்தனை என்று கேட்கிறோம். திடல் எவ்வளவு, அது யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்கள் தத்தம் தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்திடம் இதை ஒருமுறை கேட்டால் நன்று. நம் கழகம் ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளில் நடத்தும் முகாமின்போது புத்தகங்களோடு நான்கு மட்டையும் ஒரு பெட்டி டென்னிஸ் பந்தும் எடுத்துச் செல்லலாம்.

சென்ற பள்ளி விடுமுறையில் தாத்தாவை ஈப்போ திடலுக்கு அழைத்துப் போனேன். இளைஞர்கள் சிலர் வலைப்பயிற்சியில் இருந்தார்கள். தாத்தா அன்று நின்ற அதே ஓரத்தில் நின்றார். ஆட்ட விதிகளை விளக்கத் தொடங்கினேன். "சும்மா இருய்யா, சத்தத்தக் கேக்கவிடு" என்றார்.